பட்டுச் சதுரத்திலிருந்து கூந்தல் பூ: ட்சுமாமி கன்சாஷி செய்யத் தொடங்குபவர்களுக்கு

நவம்பர் 15-ஐ ஒட்டிய நாட்களில் ஜப்பானியக் கோயில்களில் சின்னப் பெண்கள் கிமோனோ உடுத்தி, தலையின் ஒரு பக்கம் கொத்தாகப் பட்டுப் பூ செருகிக்கொண்டு வருவார்கள். மூன்று வயதும் ஏழு வயதும் ஆன பெண் குழந்தைகளுக்கான ஷிச்சி-கோ-சான் விழா அது. ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமை, இளைஞர்கள் பெரியவர்களானதைக் கொண்டாடும் நாளிலும் இதே பூக்களைப் பார்க்கலாம். கியோட்டோவில் நடனமும் இசையும் பயிலும் மைகோ பெண்களின் தலையில் ஆண்டு முழுவதும் பார்க்கலாம்.

ட்சுமாமி கன்சாஷி என்பது இந்தப் பூவின் பெயர். கன்சாஷி என்றால் கூந்தல் அணி, ட்சுமாமி என்பது கிள்ளிப் பிடித்து மடிக்கும் முறை. எடோ காலத்தில் (1603–1868) பெண்கள் கூந்தலை உயரமாகவும் அகலமாகவும் முடிந்துகொள்ளும் பழக்கம் வளர்ந்தபோது அதில் செருகும் அணிகளும் பெருகின. சிறு துணுக்குப் பட்டுத் துணியை வைத்தே செய்துவிடலாம் என்பதால் இந்தப் பூவும் அவற்றோடு பரவியது. தோக்கியோ பகுதியின் மரபுக் கைவினைகளில் ஒன்றாக 1982-ல் இது அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது.

புதிதாகத் தொடங்குபவர்கள் மடிப்பைத்தான் பெரிய வித்தையாக நினைக்கிறார்கள். காணொளிகளும் மடிப்பைத்தான் காட்டுகின்றன. ஆனால் மடிப்பு ஒரு மதியத்தில் கைக்கு வந்துவிடும். பூ அழகாக அமைவதும் கோணிப்போவதும் பசையிலும், இதழை அடியிலுள்ள அட்டைத் தட்டின்மேல் வைக்கும் அந்தக் கணத்திலும்தான். அதனால் இங்கே பசைக்கும் அடுக்குவதற்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் பூவாக ஐந்து இதழ் கொண்ட உமே பூவைச் செய்வோம். குளிர் முடியும் முன்பே ஜப்பானில் பூக்கும் பிளம் வகை மலர் அது. அதைச் செய்யத் தெரிந்துவிட்டால் மற்றவற்றுக்கு வழி திறந்துவிடும்.

துணி

மரபாகப் பயன்படுத்துவது ஹபுடாயே என்ற பட்டு. நெருக்கமான சாதா நெசவு, வழவழப்பு, மிக மெல்லியது. இதன் எடையை மொம்மே என்ற ஜப்பானிய அளவில் சொல்வார்கள். ஒரு மொம்மே என்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4.34 கிராம். அதாவது 4 மொம்மே துணி சதுர மீட்டருக்கு 17 கிராம்தான் இருக்கும், 10 மொம்மே துணி 43 கிராம். இணையக் கடைகளில் பட்டுக்குப் பக்கத்தில் '8 எம்எம்' என்று போட்டிருந்தால் மில்லிமீட்டர் என்று நினைத்துவிடாதீர்கள், அது மொம்மே.

இதழ் சின்னதாக ஆக ஆகத் துணியும் மெலிதாக வேண்டும். காரணம் எளிது. ஒரு சதுரத்தை மூன்று முறை மடித்தால் எட்டு அடுக்கு வந்துவிடுகிறது. தடித்த துணியில் அந்த எட்டு அடுக்கும் ஒன்றையொன்று தள்ளி மடிப்பைப் பிரித்துவிடும். ரவிக்கை தைத்து மிஞ்சிய காஞ்சிப் பட்டு வீட்டில் இருக்கிறதே, அதில் செய்யலாமே என்று நமக்குத் தோன்றும். அது இதற்குச் சரிவராது. தடிமனும் அதிகம், சரிகை ஓடும் இடத்தில் மடிப்பும் நிற்காது. மெல்லிய க்ரேப் பட்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்க நெசவுள்ள சிரிமென் துணியை ஜப்பானிலேயே பல தொடக்கநிலைப் பயிற்சிகளில் கொடுப்பார்கள். அதன் மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் மடிப்பு நழுவாது.

முதல் சில பூக்களுக்கு மெல்லிய பருத்தியே போதும். கைக்குட்டைத் துணி மாதிரி இருந்தால் நன்று. மடிப்பு கைக்கு வந்தபின் 8 அல்லது 10 மொம்மே பட்டுக்கு மாறுங்கள். பாலியஸ்டர் சாட்டினை மட்டும் தொடவேண்டாம். அது வழுக்கும், பசையை உறிஞ்சாது, விளிம்பை நெருப்பில் காட்டி உருக்கித்தான் ஒட்டவேண்டிவரும். அப்படி ரிப்பனில் செய்யும் பூக்களுக்கும் இன்று உலகம் முழுக்கக் கன்சாஷி என்றே பெயர் சொல்கிறார்கள். அவையும் அழகுதான், ஆனால் அது வேறு வேலை.

கருவிகள்

இடுக்கிதான் முதல் கருவி. பன்னிரண்டு, பதின்மூன்று சென்டிமீட்டர் நீளம், நேரான முனை, உள்பக்கத்தில் வரிப்பள்ளம் இல்லாத வழவழப்பு, இவை மூன்றும் வேண்டும். பள்ளம் இருந்தால் பட்டில் தடம் விழும். புருவம் திருத்தும் சாய்ந்த முனை இடுக்கி உதவாது. வாங்கும்போது ஒற்றை நூலை அதனால் பிடித்து இழுத்துப் பாருங்கள். நழுவாமல் பிடித்தால் முனைகள் சரியாகச் சேர்கின்றன என்று பொருள்.

மற்றவை சாதாரணச் சாமான்கள்தான்: துணி வெட்டும் ரோட்டரி கட்டர், அதற்கான பாய், இரும்பு ஸ்கேல், கூர்மையான சின்னக் கத்தரிக்கோல், பசை பரப்ப ஒரு தட்டையான மரப்பலகை (வழவழப்பான டைல்ஸ் துண்டும் போதும்), பசை தேய்க்கத் தட்டையான கரண்டி அல்லது பிளாஸ்டிக் ஸ்கேல், கெட்டி அட்டை, 22 அல்லது 24 கேஜ் கம்பி, தையல் நூலைவிடச் சற்று மெல்லிய பட்டு நூல், இரண்டு கால் உள்ள கொண்டை ஊசி. பூவின் நடுவில் வைக்கச் செயற்கைப் பூ விற்கும் கடைகளில் கிடைக்கும் மகரந்தக் காம்பு வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன மணியும் வைக்கலாம்.

தோக்கியோவில் இருப்பவர்களும் போகிறவர்களும் அசாகுசாபாஷி பகுதிக்குப் போய்ப் பாருங்கள். மணி, நூல், கைவினைச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் இடம் அது. ட்சுமாமி வேலைக்கென்றே துணியும் கருவியும் விற்கும் ட்சுமாமிதோ என்ற கடையும் அங்கேதான் இருக்கிறது.

சதுரம் வெட்டுவது

உமே பூவுக்கு 3 சென்டிமீட்டர் சதுரம் ஐந்து வேண்டும். ஏழெட்டாக வெட்டிக்கொள்ளுங்கள். மடித்த இதழின் நீளம் சதுரப் பக்கத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு. எனவே 3 செ.மீ. சதுரத்திலிருந்து சுமார் 2 செ.மீ. இதழும், 4 செ.மீ. அகலப் பூவும் வரும். தேர்ந்தவர்கள் இதில் பாதி அளவுக்கும் கீழே போவார்கள். அதை இப்போது பார்த்து ஆசைப்படவேண்டாம்.

சதுரத்தின் பக்கங்கள் பாவு நூலுக்கும் ஊடை நூலுக்கும் இணையாக இருக்கவேண்டும். இதில் மட்டும் சமரசம் கூடாது. முதல் மடிப்பு மூலைக்கு மூலை விழுகிறது. அதாவது நெசவுக்குக் குறுக்காக, துணி இழுத்தால் நீளும் திசையில். இதழ் விறைப்பாக நிற்காமல் உருண்டு வளைவது அந்த நெகிழ்ச்சியால்தான். சதுரம் கோணலாக வெட்டப்பட்டால் இதழின் ஒரு பக்கம் அதிகமாக நீளும், இதழ் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் நேராகாது. துணி ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி எடுத்துவிட்டால் அந்த இடத்தில் நேர்கோடு தெரியும். அதிலிருந்து அளக்கத் தொடங்குங்கள்.

துணி ரொம்பத் துவண்டால் வெட்டுவதற்கு முன்பே மெல்லிய கஞ்சி போட்டுக் காயவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளலாம்.

பசை

சூடான க்ளூ கன்னையும் உடனே ஒட்டும் பசையையும் ஒதுக்கி வையுங்கள், அவை இந்த வேலைக்கு வேண்டாம். இதைக் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்கிறேன். மரபுப் பசை அரிசி மாவுப் பசை. அது மெதுவாகக் காய்வதுதான் அதன் பெரிய குணம். ஐந்து இதழையும் தட்டில் வைத்தபின், தள்ளி நின்று பார்த்து, ஒன்றை அரை மில்லிமீட்டர் நகர்த்தி, இன்னொன்றை லேசாகத் திருப்பி, பூவைச் சரிசெய்ய உங்களுக்கு நேரம் கிடைக்கும். க்ளூ கன் அந்த நேரத்தைக் கொடுக்காது. வைத்தது வைத்ததுதான். பசை துணியின் வெட்டு விளிம்புக்குள் ஊறி எட்டு அடுக்கையும் ஒன்றாகக் கட்டுகிறது என்பது இன்னொரு குணம். மேலோட்டமாக ஒட்டும் பசையில் விளிம்பு நூல் பிரிந்துகொண்டே இருக்கும்.

வீட்டில் செய்ய: 2 மேசைக்கரண்டி நைசான பச்சரிசி மாவை அரை டம்ளர் (100 மி.லி.) தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். அடுப்பைச் சிறு தீயில் வைத்து, கை விடாமல் கிளறுங்கள். வெண்மை மங்கி, பளபளப்பு வந்து, கரண்டியில் கனமாக ஒட்டும்போது இறக்கிவிடலாம். நன்றாக ஆறட்டும். ஆறியதை அப்படியே பயன்படுத்தக்கூடாது. பலகையில் கொட்டி, தட்டைக் கரண்டியால் முன்னும் பின்னும் அழுத்தித் தேய்த்துத் தேய்த்துப் பிசையவேண்டும். சின்னச் சின்னக் கட்டிகள் கரைந்து, பசை ஒரே சீராக இழையும்வரை தேயுங்கள். பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை.

கடையில் கிடைக்கும் ஸ்டார்ச் பசையும் சரி. வெள்ளைப் பசை (ஃபெவிகால் மாதிரி) அட்டையில் துணி ஒட்டவும் கம்பியைப் பொருத்தவும் பயன்படும், இதழுக்கு அல்ல.

பிசைந்த பசையைப் பலகையில் 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்தில் சமமாகப் பரப்புங்கள். ஒரு இதழை அதில் நிறுத்திக் கையை எடுத்தால் அது தானாக நிற்கவேண்டும். சாய்ந்தால் பசை தளர்ச்சி, மீண்டும் சற்றுச் சூடாக்கி இறுக்குங்கள். அடி பதியாமல் மேலேயே நின்றால் பசை இறுகிவிட்டது, சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். வெயில் காலத்தில் மின்விசிறிக்கு நேராகப் பலகையை வைக்காதீர்கள், ஐந்து நிமிடத்தில் மேலே ஆடை கட்டிவிடும். மிச்சப் பசை குளிர்ப்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

அடித்தட்டு

இதை இதழ் மடிப்பதற்கு முன்பே செய்து வைத்துக்கொள்ளவேண்டும். கெட்டி அட்டையில் 2 சென்டிமீட்டர் விட்டத்துக்கு வட்டம் வெட்டி, நடுவில் ஊசியால் துளை போடுங்கள். பத்து சென்டிமீட்டர் கம்பியின் ஒரு முனையைச் சின்ன வளையமாகச் சுற்றி, வளையம் அட்டையின்மேல் படியும்படி கம்பியைத் துளையில் இறக்கி, வெள்ளைப் பசை வைத்துக் காயவிடுங்கள். இதழின் நிறத்திலேயே ஒரு துணி வட்டத்தை மேலே போர்த்தி, விளிம்பை அடியில் மடித்து ஒட்டுங்கள். இதழ்களுக்கு நடுவே அட்டை தெரிந்துவிடாமல் அந்தத் துணி காப்பாற்றும். பென்சிலால் நடுப்புள்ளியிலிருந்து 72 பாகை இடைவெளியில் ஐந்து கோடு லேசாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

மடிப்பு

பூக்கள் எத்தனையோ இருந்தாலும் அடிப்படை மடிப்புகள் இரண்டுதான். உருண்டை இதழுக்கு மாரு மடிப்பு, கூர் இதழுக்குக் கென் மடிப்பு. இரண்டுக்கும் முதல் இரு படிகள் ஒன்றே.

1. சதுரத்தின் ஒரு மூலை உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். இடுக்கியை இடமிருந்து வலமாக நடுக்கோட்டில் வைத்துப் பிடித்து, கீழ்மூலையைத் தூக்கி மேல்மூலையோடு சேருங்கள். முக்கோணம் கிடைக்கும். மடிப்பு கீழே, செங்கோண மூலை மேலே.

2. இடுக்கியை எடுத்து, இப்போது மேலிருந்து கீழாக முக்கோணத்தின் நடுவில் பிடியுங்கள். இடது மூலை வலது மூலையைத் தொடும்படி பாதியாக மடியுங்கள். பாதி அளவில் இன்னொரு முக்கோணம் கிடைக்கும். வலப்பக்கம் இரண்டு கூர்முனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்.

3. மாரு இதழுக்கு: முன்னால் இருக்கும் முனையை உங்கள் பக்கமாக மேலே தூக்கி மேல்மூலையோடு சேருங்கள். பின்னால் இருக்கும் முனையை எதிர்ப்பக்கமாகத் தூக்கி அதே மேல்மூலையோடு சேருங்கள். இரண்டு இறக்கையும் வெளிப்பக்கம் மடிந்திருக்கும்.

கென் இதழுக்கு மூன்றாம் படி மட்டும் மாறும். இரண்டு முனையையும் பிரிக்காமல் சேர்த்தே, ஒரே பக்கமாகத் தூக்கி மேல்மூலையோடு சேருங்கள்.

எந்த மடிப்பாக இருந்தாலும் முடிவில் சதுரத்தின் நான்கு மூலைகளும் ஒரே முனையில் கூடியிருக்கவேண்டும். அந்த முனைதான் பூவின் நடுவை நோக்கி இருக்கும். நூல் தெரியும் வெட்டு விளிம்புகள் எல்லாம் ஒரே பக்கத்தில் சேர்ந்திருக்கும். அதுதான் இதழின் அடி, பசையில் பதியவேண்டிய பக்கம். மடிப்பு மட்டுமே உள்ள முனை வெளியே தெரியும் இதழ் நுனி. ஒவ்வொரு இதழையும் கீழே வைப்பதற்கு முன் இந்த மூன்றையும் கண்ணால் சரிபார்த்துவிடுங்கள். நான்கு மூலையும் சரியாகச் சேராத இதழ் பூவில் எப்போதும் தனித்துத் தெரியும்.

வலக்கையில் இடுக்கி, இடக்கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடிப்பை வாங்கிக்கொள்ளும். இடுக்கி பிடிப்பதற்கு, விரல் மடிப்பதற்கு. இடுக்கியாலேயே துணியை இழுத்து மடிக்கப் பார்ப்பவர்களுக்குச் சீக்கிரம் கை வலிக்கும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் அப்படியே திருப்பிச் செய்யலாம்.

மடித்ததும் இதழை இடுக்கியில் இறுகப் பிடித்தபடி அடிப்பக்கத்தில் ஒரு நூல் அளவு கத்தரித்துவிடுங்கள். அடுக்குகள் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வரும். இன்னும் கொஞ்சம் ஏற்றி வெட்டினால் இதழ் தணிந்து, பூ தட்டையாக விரியும். வெட்டாமல் விட்டால் உயரமான, புஷ்டியான பூ. எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம், ஆனால் ஒரே பூவின் எல்லா இதழிலும் ஒரே அளவாக இருக்கட்டும்.

பசைப் பலகையில் இதழை ஊறவைப்பது

வெட்டிய இதழை உடனே பசைப் பலகையில், அடிப்பக்கம் பதிய, நிமிர்த்தி வையுங்கள். அடுத்த இதழை மடித்து அதன் அருகே, ஒட்டாத இடைவெளியில். இப்படி ஐந்தும் (கையிருப்பாக இன்னும் இரண்டும்) வரிசையாக நிற்கட்டும். பத்து நிமிடத்திலிருந்து கால் மணி நேரம் அப்படியே விடுங்கள்.

இந்தப் பத்து நிமிடத்தைத்தான் புதியவர்கள் தாண்டிக் குதிக்கிறார்கள். இதழை மடித்ததும் பசையில் ஒரு தொடு தொட்டுத் தட்டில் வைத்தால், அடுக்குகளுக்குள் பசை போயிருக்காது. இடுக்கியை விட்டதும் இதழ் மெல்லப் பிரியத் தொடங்கும். பலகையில் நிற்கும்போது பசை விளிம்பு நூல்களில் ஏறி ஊறுகிறது, மடிப்பும் அந்த நிலைக்குப் பழகிக்கொள்கிறது. அதற்காக ஒரு மணி நேரம் மறந்துவிட்டுப் போய்விடாதீர்கள். பசை மேலே ஏறி இதழின் பளபளப்பான பகுதியில் கறையாகத் தெரியும், வெளிர் நிறப் பட்டில் அது போகவே போகாது.

தட்டில் அடுக்குவது

முதல் இதழைப் பலகையிலிருந்து எடுக்கும்போது நுனியைப் பிடிக்காதீர்கள். அடிக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் பிடித்து எடுத்து, மிகைப் பசையைப் பலகையின் விளிம்பில் ஒரு முறை வழித்துவிடுங்கள். அடியில் மெல்லிய படலம் இருந்தால் போதும். அதிகம் இருந்தால் தட்டில் வைத்ததும் பக்கங்களில் பிதுங்கும்.

கடிகார முகப்பில் 12 மணி இருக்கும் இடத்தில் முதல் இதழ். நான்கு மூலை சேர்ந்த முனை சரியாக நடுப்புள்ளியைத் தொடவேண்டும். அடுத்ததைப் பக்கத்துக் கோட்டில் வைக்காமல் ஒரு கோட்டைத் தாண்டி வையுங்கள், மூன்றாவதை அதற்கு நேர் இணையாக மறுபக்கம். மூன்று கால் ஊன்றியதும் பூவின் சமநிலை தெரிந்துவிடும். மீதி இரண்டும் இடைவெளிகளில் உட்காரும். வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு இதழிலும் சேரும் சிறு பிழை கடைசி இதழில் வந்து நிற்கும், அதற்கு இடம் போதாது.

ஐந்தும் உட்கார்ந்ததும் இடுக்கியின் மூடிய முனையை ஒவ்வொரு மாரு இதழின் மடிப்புக்குள்ளும் விட்டு, மெல்லத் திறந்து, இரு பக்கமும் விரித்துவிடுங்கள். அதுவரை சப்பையாக இருந்த இதழ் சட்டென்று உருண்டு நிற்கும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். விரித்தபின் பூவைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். எல்லா நுனியும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா? மேலிருந்து பார்க்கும்போது தெரியாத ஏற்ற இறக்கம் பக்கத்திலிருந்து பளிச்சென்று தெரியும். பசை இன்னும் ஈரமாக இருக்கும்போதே தட்டி, நகர்த்தி, சரிசெய்யுங்கள்.

செர்ரிப் பூ, அதாவது சகுரா, வேண்டுமென்றால் இதே ஐந்து இதழ்தான். ஒவ்வொரு நுனியையும் நடுவில் லேசாக உள்ளே அழுத்திக் கிள்ளிவிட்டால் நுனி இரண்டாகப் பிளந்த வடிவம் வரும். உமேயின் நுனி உருண்டை, சகுராவின் நுனி பிளவு. ஜப்பானியர்கள் தூரத்திலிருந்தே இரண்டையும் இதை வைத்து அடையாளம் காண்பார்கள், எனவே கலந்துவிடாதீர்கள்.

கம்பியை ஒரு ஸ்பாஞ்சில் குத்தி நிறுத்தி ஓர் இரவு காயவிடுங்கள். மகரந்தக் காம்பைக் காய்ந்தபின் ஒட்டினால் போதும். தலைப்பகுதியை மட்டும் வெட்டி, நடுவில் துளி வெள்ளைப் பசை வைத்து இடுக்கியால் இறக்குங்கள். வெயிலில் வைத்தோ ஹேர் டிரையரால் ஊதியோ அவசரப்படுத்தினால் பசை சுருங்கி இதழை இழுத்துவிடும்.

அடுத்து: செவ்வந்தி

பத்துப் பதினைந்து உமே செய்து கை பழகியபின் கென் மடிப்பில் செவ்வந்தி. பன்னிரண்டு இதழ். முதலில் 12, 3, 6, 9 மணி இடங்களில் நான்கு, பிறகு ஒவ்வோர் இடைவெளியிலும் இரண்டிரண்டு. அதன்மேல் சற்றுச் சிறிய சதுரத்தில் மடித்த இன்னொரு பன்னிரண்டை, கீழ் இதழ்களின் இடைவெளிகளுக்கு நேராக அடுக்கினால் இரட்டை அடுக்குச் செவ்வந்தி. கென் இதழை விரிக்கத் தேவையில்லை, அதன் கூர்மையே அழகு.

இரண்டு நிறச் சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்று நூலளவு தள்ளி வைத்து ஒன்றாக மடித்தால் இதழ் ஓரத்தில் மெல்லிய கரை தெரியும். வெளியே இளஞ்சிவப்பு, உள்ளே வெள்ளை என்று செய்து பாருங்கள்.

ஊசியில் கட்டுவது

ஐந்தாறு பூக்கள் சேர்ந்ததும் கொத்துக் கட்டலாம். பூவின் கழுத்துக்கு அடியில் சுமார் 3 செ.மீ. விட்டு எல்லாக் கம்பிகளையும் ஒரே இடத்தில் சேர்த்து, பட்டு நூலில் துளி வெள்ளைப் பசை தடவி இறுக்கமாகச் சுற்றுங்கள். நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் படியட்டும். ஒரு சென்டிமீட்டர் சுற்றியதும் கொண்டை ஊசியின் தலையை அதோடு சேர்த்துவைத்து மேலும் சுற்றுங்கள். உபரிக் கம்பியை வெட்டி, முனை தலையில் குத்தாதபடி நூலால் மூடிவிடுங்கள். அதன்பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாக வளைத்து, பூக்கள் அரைப் பந்து போலக் குவிந்து நிற்கும்படி அமைக்கலாம்.

கொத்திலிருந்து கீழே தொங்கும் இதழ்ச் சரத்தைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய கயிற்றைப் பலகையில் விறைப்பாக நீட்டி இரு முனையிலும் டேப் ஒட்டிக்கொண்டு, அதன்மேல் சிறு மாரு இதழ்களை வரிசையாக ஒட்டிச் செய்வது அது. காய்ந்தபின் கயிற்றோடு எடுத்துக் கொத்தில் கட்டுவார்கள், நுனியில் சின்னச் சலங்கை மணி. முதல் கொத்தில் இதை முயலவேண்டாம், சரத்தின் எடைக்குக் கொத்து சாயாமல் கட்ட நல்ல பழக்கம் வேண்டும்.

எந்தப் பூ, எந்த மாதம்

நிறம் தேர்ந்தெடுக்கும்போது கியோட்டோ மைகோக்களின் வழக்கத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கியோன் கோபு, கியோன் ஹிகாஷி, போன்டோச்சோ, மியாகாவாச்சோ, காமிஷிச்சிகென் என்ற ஐந்து வட்டாரங்களில் இருக்கும் அவர்கள் மாதத்துக்கு மாதம் பூவை மாற்றுவார்கள். ஜனவரியில் பைன், மூங்கில், உமே மூன்றும் சேர்ந்த மங்கலக் கொத்து, புத்தாண்டின் முதல் நாட்களில் நெற்கதிரும் வெள்ளைப் புறாவும். பிப்ரவரியில் உமே. மார்ச்சில் மஞ்சள் கடுகுப்பூ. ஏப்ரலில் சகுரா. மே மாதம் ஊதாச் சரமாகத் தொங்கும் விஸ்டீரியா. ஜூனில் வில்லோ மரத்தின் பச்சை இழைகள், ஜூலையில் விசிறி. ஆகஸ்டில் நாணற்பூ, செப்டம்பரில் மணி வடிவ கிக்யோ, அக்டோபரில் செவ்வந்தி, நவம்பரில் சிவந்த மேப்பிள் இலை. டிசம்பர் தனி அழகு. கியோட்டோவின் மினாமிசா அரங்கில் கபுகி நாடகம் நடக்கும் காலம் என்பதால் அரங்க வாசலில் மாட்டும் பெயர்ப்பலகையின் சின்ன வடிவம் கன்சாஷியில் இருக்கும். மைகோக்கள் தங்களுக்குப் பிடித்த நடிகரிடம் கொண்டுபோய் அதில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள்.

இளைய மைகோவின் கன்சாஷியில் பூ சின்னதாக, நெருக்கமாக, தொங்கும் சரத்தோடு இருக்கும். ஆண்டுகள் போகப்போகச் சரம் போய், பூ பெரிதாகி, நிறம் அடங்கும். எனவே பெரியவர் ஒருவருக்குச் செய்து கொடுப்பதாக இருந்தால் குழந்தைக்கான சரக்கொத்தைச் செய்துவிடாதீர்கள். அடர்நிறத்தில் இரண்டு பெரிய செவ்வந்தி போதும்.

பாதுகாப்பது

அரிசிப் பசை தண்ணீரில் கரையும். மழையில் நனைந்தால் இதழ் உதிரும், எண்ணெய் வைத்த தலையில் நேராகச் செருகினால் அடியில் கறை ஏறும். செருகும்போது பூவைப் பிடித்து அழுத்தாமல் ஊசியின் கழுத்தைப் பிடித்துச் செருகுங்கள். ஹேர் ஸ்ப்ரே அடித்துக் காய்ந்த பிறகுதான் கன்சாஷி.

வைக்கும்போது பூ எதிலும் அழுந்தாத உயரமுள்ள பெட்டி வேண்டும். ஸ்பாஞ்சு துண்டில் ஊசியைக் குத்தி நிறுத்திவிட்டால் இதழ்மேல் எதுவும் படாது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உள்ளே போடுங்கள். மாவுப் பசையைத் தின்ன வெள்ளிப்பூச்சி வரும் என்பதால் கடற்கரை ஊர்களிலும் மழைக்காலத்திலும் மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். வெயில் படும் அலமாரியில் வைத்தால் பட்டின் நிறம் வெளுக்கும். தூசியைப் புதிய, மென்மையான வாட்டர்கலர் பிரஷ்ஷால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். அழுந்திய இதழை இடுக்கி முனையை உள்ளே விட்டு மறுபடி விரித்துவிடலாம். ஓர் இதழ் கழன்று விழுந்தால் தூக்கிப் போடாதீர்கள், பழைய பசையைச் சுரண்டிவிட்டு, புதிய பசைப் பலகையில் பத்து நிமிடம் நிறுத்தி, அதே இடத்தில் வையுங்கள்.